படையில் இருப்பவர் கெடு தேதியைத் தவறவிட்டால் நகராட்சி தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாமா?

பாலாற்றங்கரை:

தம்பி ராணுவத்தில் இருக்கிறான். கிழக்குப் பக்கம் எங்கேயோ. முகவரியில் 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண் மட்டும்தான் இருக்கும், அதற்கு மேல் எங்களுக்கே தெரியாது. ஊரில் அவன் பெயரில் ஒரு மனையும் பழைய பைக்கும் இருக்கின்றன. மனையில் வீடு கட்ட அனுமதி வாங்கி அஸ்திவாரமும் போட்டாச்சு. அதோடு நின்றுவிட்டது. முதலில் யூனிட் மாறியது, அப்புறம் லீவு தள்ளிப்போனது. 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது, ஊருக்கு வந்த கையோடு திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது கட்டட அனுமதியின் காலம் முடிந்துவிட்டது. நகராட்சியில் கேட்டால் "கெடு தாண்டிவிட்டது, புதிதாக விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள்" என்கிறார்கள். காலிமனை வரி பாக்கிக்கு வட்டி ஏறியிருக்கிறது. பைக்கின் ஆர்.சி. 15 வருஷம் தாண்டிப் போனதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தாமதக் கட்டணம் தனி.

கவுன்சிலர் நல்ல மனிதர். "படைவீரர்களுக்குத் தாமதக் கட்டணம் தள்ளுபடி என்று மன்றத்தில் தீர்மானம் போட்டுவிடலாம்" என்றார். அலுவலகத்தில் "அப்படி ஒரு விதி இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இப்படி ஒரு சலுகை கேட்பது நியாயமா? கேட்பதென்றால் யாரிடம் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராமநாதபுரத்தான்:

தம்பி, உங்கள் தம்பி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அவர் கட்டும் வீட்டுக்கும் அனுமதிக் காலம் முடிகிறது, அவர் பைக்குக்கும் ஆர்.சி. முடிகிறது. கப்பலில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது சிப்பாய்க்கு மட்டும் ஏன்?

ஓய்வு ஹவில்தார்:

ஏன் என்று நான் சொல்கிறேன். சட்டப்படி ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. நாலு வருஷப் பணிக்குச் சேரும் அக்னிவீர் பையன்களுக்கு 30 நாள்தான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது உரிமை கிடையாது, மேலதிகாரி விட்டால்தான் லீவு. வளைகுடாக்காரர் "வேலையே வேண்டாம்" என்று கிளம்பினால் சம்பளம் போகும், டிக்கெட் காசு போகும். நான் அனுமதி இல்லாமல் கிளம்பினால் ராணுவச் சட்டப்படி அது குற்றம். தப்பி ஓடியவன் என்று பெயர், காவலில் வைப்பார்கள். வரக்கூடாது என்று தடுத்து வைப்பதும் அரசு, வரவில்லையே என்று தாமதக் கட்டணம் கேட்பதும் அரசு.

ராமநாதபுரத்தான்:

தடுப்பது டெல்லி, கட்டணம் கேட்பது உங்கள் ஊர் நகராட்சி. இரண்டும் ஒரே அரசு இல்லையே, அண்ணே.

ஓய்வு ஹவில்தார்:

குடிமகனுக்கு எல்லாம் ஒரே கவுண்டர்தான், தம்பி.

நேர்மையாகப் பேசுவோமே:

யாரும் சொல்லத் தயங்குவதை நான் சொல்லிவிடுகிறேன். வரி கட்ட இப்போது யாரும் நேரில் போக வேண்டியதில்லை. போனிலேயே கட்டலாம். என் சொந்தத்திலும் ராணுவத்தில் இருக்கிறார்கள். லீவில் வந்தால் கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம், சொந்தக்காரர் வீடு. நகராட்சி ஞாபகம் வருவது கிளம்புகிற அன்றைக்குத்தான். மறதிக்கெல்லாம் தேசபக்திச் சாயம் பூச வேண்டாம்.

ஜவான் வீட்டம்மா:

போனிலேயே கட்டலாம் என்று சொன்னவருக்கு ஒரு தகவல். ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். என் வீட்டுக்காரர் ஊரில் வாங்கிய நம்பர் ப்ரீபெய்டு. ஆதார், பேங்க், பத்திரம், கட்டட விண்ணப்பம் எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான் இருக்கிறது. அங்கே போனதும் அந்த சிம் செத்துவிடும். ஓ.டி.பி. எங்கே வரும்? ஆதாரில் நம்பரை மாற்றப் பார்த்தபோது அவர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள்.

வரியை யார் வேண்டுமானாலும் கட்டலாம், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் நான்தான் கட்டுகிறேன். சொத்துக்காரர் கையெழுத்துப் போட வேண்டியது, சரிபார்ப்புக்கு வர வேண்டியது, கைரேகை வைக்க வேண்டியது, இந்த மூன்றிலும்தான் மாட்டிக்கொள்கிறோம். நான் போய் நின்றால் "நீங்க யாரும்மா?" என்பார்கள். மனைவி என்றால் "அதிகாரப் பத்திரம் இருக்கா?" என்பார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டு, 56 ஏ.பி.ஓ. என்று சொன்னால் "அது எந்த ஊர்?" என்று கேட்ட அலுவலரும் உண்டு.

காதுகுத்து பற்றி. போன முறை வந்தபோது பிள்ளைக்கு மூன்று வயசு முடிந்திருந்தது. ஆமாம், முதலில் குலதெய்வம் கோயிலுக்குத்தான் போனோம்.

பழைய பில் கலெக்டர்:

வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. சொத்து வரிக்குத் தாமத வட்டி மாதம் 1 சதவீதம். அரையாண்டு வரி 1,500 ரூபாய் என்றால் மாதத்துக்கு 15 ரூபாய், வருஷத்துக்கு 180 ரூபாய். முதல் மாதத்திலேயே கட்டுகிறவருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. படைவீரருக்கு இதில் போவது சொற்பம், நகராட்சிக்கும் சொற்பம். இதற்காகத் தீர்மானம், பேப்பரில் போட்டோ, சால்வை எல்லாம் தேவையா என்று எனக்கே தோன்றும்.

பெரிய இழப்பு கட்டட அனுமதியில். காலாவதி ஆனால் பொறியாளரிடம் மறுபடி வரைபடம், அவருக்கு மறுபடி கூலி. உரிமக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதி என்று ஏற்கெனவே கட்டியதில் எதைக் கழிப்பார்கள், எதை மறுபடி கேட்பார்கள் என்பது அந்தந்த ஊர்ப் பழக்கம். இடையில் கட்டணம் உயர்ந்திருந்தால் புது விகிதம்.

அடுத்தது, அலுவலகத்தில் ஏன் முடியாது என்கிறார்கள் என்பது. கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கை என்று ஒன்று வருஷா வருஷம் வரும். அரசாணை எண் இல்லாமல் ஒரு ரூபாய் விட்டிருந்தாலும் தணிக்கைத் தடை எழுதுவார்கள். அது அந்த இருக்கையில் இருந்தவர் தலையில் விழும். ஓய்வு பெறும் நேரத்தில் அந்தத் தடை தீரவில்லை என்று பணப்பலன் நிற்கும். நூறு ரூபாய்க்காகப் பென்ஷன் பேப்பர் தேங்கி நின்ற ஆட்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் இருப்பவரிடம் எல்லையில் குளிர் எவ்வளவு என்று விளக்கிப் பயனில்லை. கையில் ஒரு அரசாணை எண்ணைக் கொடுங்கள், அன்றைக்கே செய்து கொடுப்பார்.

மன்றத் தீர்மானம் மட்டும் போதுமா என்றால், போதாது. மன்றம் தீர்மானித்து அரசுக்குப் பரிந்துரைக்கலாம். விதி மேலிருந்து வர வேண்டும்.

வக்கீலக்கா:

பில் கலெக்டர் ஐயா சொன்னதுதான் மையம். சட்டப் பக்கத்தை நான் சேர்க்கிறேன்.

படையில் இருப்பவருக்குக் காலம் வேறு மாதிரி ஓடுகிறது என்பதை நம் சட்டம் எப்போதோ ஒத்துக்கொண்டாச்சு. 1925-இல் வெள்ளைக்காரர் காலத்தில் வந்த இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. போர்ப் பணியிலோ, நாட்டுக்கு வெளியிலோ, அரசு அறிவித்த இடங்களிலோ இருக்கிற வீரர் இல்லாதபோது அவருக்கு எதிராக வழக்கை ஒருதலையாக முடித்துவிடக் கூடாது. வழக்குப் போடும் காலவரம்பில் அந்த நாட்களைக் கழித்துவிட வேண்டும். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வழக்குக்காக லீவில் வந்திருக்கிறார் என்று உரிய ராணுவ அதிகாரி சான்று கொடுத்தால், கூடுமானவரை அந்த லீவுக்குள்ளேயே வழக்கை விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டிலும் ஒரே குறை. அவை பேசுவது நீதிமன்றத்தைப் பற்றி. நகராட்சி கவுண்டரும் ஆர்.டி.ஓ. அலுவலகமும் நீதிமன்றம் இல்லை. ஆயிரம் ரூபாய்க் கட்டணத்துக்காக வழக்குப் போட்டால் பாதுகாப்பு உண்டு, வழக்குப் போகாமல் நேர்மையாகக் கட்ட வந்தால் பாதுகாப்பு இல்லை. விசித்திரம்தான்.

பைக் விஷயத்துக்கு நகராட்சித் தீர்மானம் உதவாது, அது மத்திய விதி. 2022 ஏப்ரலிலிருந்து ஆர்.சி. புதுப்பிக்கத் தாமதமானால் இரு சக்கர வாகனத்துக்கு மாதம் 300, காருக்கு மாதம் 500. ஒன்றரை வருஷம் தாமதம் என்றால் பைக்குக்கு 5,400. புதுப்பிக்கும் கட்டணம் 1,000 ரூபாய்தான்! ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். சியாச்சினில் லாரி ஓட்டிவிட்டு வந்தவருக்கும் அதே எட்டுதான்.

ஆனால் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 211-ஆம் பிரிவைப் பாருங்கள். கட்டணம் விதிக்க அதிகாரம் கொடுக்கும் அதே பிரிவு, பொதுநலன் கருதி எந்த ஒரு வகையினருக்கும் அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அரசு ஆணை போட்டு விலக்கலாம் என்கிறது. புதுச் சட்டம் வேண்டாம், ஓர் ஆணை போதும்.

நேர்மையாகப் பேசுவோமே:

அக்கா, ஆணை போடலாம் என்பது வேறு, போடுவார்களா என்பது வேறு. ஒருத்தருக்குக் காலத்தை நிறுத்தினால் எல்லாரும் வரிசையில் வருவார்கள்.

வக்கீலக்கா:

எல்லாருக்குமே நிறுத்தினார்களே, மறந்துவிட்டீர்களா? கொரோனாவில் 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு காலாவதியான ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. எல்லாம் செல்லும் என்று தவணை தவணையாக நீட்டி 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனார்கள். உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை வழக்குகளின் காலவரம்பையே கணக்கிலிருந்து எடுத்தது. மக்களால் வெளியே வர முடியவில்லை என்பதுதான் காரணம். படைவீரர் நிலையும் அதுதானே?

டெக்சாஸ் தமிழன்:

இங்கே எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிடப் பயன்படும். அமெரிக்கப் படையில் தமிழர்கள் இல்லை என்று நினைக்க வேண்டாம். குடியுரிமை இல்லாதவர்களை மொழித் திறமைக்காகச் சேர்த்த ஒரு திட்டம் 2016 வரை ஓடியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.

1940-இல் வந்த சட்டத்தைத் திருத்தி 2003-இல் படையினருக்கான குடிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று கொண்டுவந்தார்கள். அதில் சொத்து வரி பற்றித் தனிப் பிரிவே இருக்கிறது. பணியில் இருக்கும்போது வரி பாக்கி விழுந்தால் வட்டி ஆண்டுக்கு 6 சதவீதம்தான், அதற்கு மேல் அபராதம் போடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆனால் கவனியுங்கள், வரி வரிதான். அதை யாரும் மன்னிக்கவில்லை.

டெக்சாஸில் இன்னும் தாராளம். போர் அல்லது நெருக்கடிக் காலத்தில் மாநிலத்துக்கு வெளியே அனுப்பப்பட்டவர், திரும்பி வந்தோ பணி முடிந்தோ 60 நாளுக்குள் சொத்து வரியைக் கட்டினால் அபராதமும் இல்லை, வட்டியும் இல்லை. மாநில அரசு கொடுக்கும் தொழில் உரிமங்களுக்கும் இதே போக்குதான். படைப்பணியால் புதுப்பிக்கத் தவறினால் கூடுதல் கட்டணம் கிடையாது, மற்ற நிபந்தனைகளை முடிக்க இரண்டு வருஷம் கூடுதல் அவகாசம்.

ஊர் நகராட்சி கொடுக்கிற சின்னச் சின்ன அனுமதிகளுக்கு வந்தால் இங்கும் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு மாதிரி. மத்தியச் சட்டம் எல்லா இடுக்கிலும் நுழையவில்லை. நீங்கள் பேசுகிற ஓட்டை இங்கேயும் இருக்கிறது.

ஓய்வு ஹவில்தார்:

அந்த 60 நாள் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. லீவில் வந்தாலும் அலுவலகம் திறந்திருக்கும் நாள், அதிகாரி இருக்கும் நாள், சர்வர் வேலை செய்யும் நாள் மூன்றும் ஒத்து வர வேண்டுமே. முதல் வாரத்திலேயே எல்லாம் முடியாது.

இன்னொன்று. ஓட்டுப் போடும் விஷயத்தில் நம் நாடு எங்களை மறக்கவில்லை. பணி வாக்காளர் என்று தனிப் பட்டியல் இருக்கிறது, தபால் ஓட்டுச் சீட்டை மின்னணு வழியில் அனுப்புகிறார்கள். ஊரில் ஒருவரைப் பதிலியாக நியமித்து அவரைப் போடச் சொல்லவும் சட்டம் இடம் தருகிறது. ஓட்டுக்கே பதிலாள் சரி என்றால் கட்டட அனுமதியைப் புதுப்பிக்க என் மனைவி போதாதா?

ஜவான் வீட்டம்மா:

இதைத்தான் சார் நான் கேட்கிறேன். தள்ளுபடிகூட வேண்டாம். யூனிட்டில் கொடுக்கும் ஒரு கடிதத்தை வைத்து மனைவி அல்லது பெற்றோர் கையெழுத்தை ஏற்றுக்கொண்டால் முக்கால்வாசிப் பிரச்சினை கெடு தேதிக்கு முன்பே தீர்ந்துவிடும்.

நேர்மையாகப் பேசுவோமே:

சரி, இப்போது பேச்சு உருப்படியாக இருக்கிறது. ஆனால் மோசடிக்கு என்ன வழி? ஊரில் நாலு கடை வாடகைக்கு விட்டிருக்கிற குடும்பம் எல்லாவற்றையும் படையில் இருக்கிற பையன் பெயருக்கு மாற்றிவிட்டு, "சார் எல்லையில் இருக்கிறார்" என்று வருஷக்கணக்கில் இழுக்கும். ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் இதைவிட வேகம்.

பழைய பில் கலெக்டர்:

நியாயமான பயம். சொந்தக் குடியிருப்பு ஒன்று, அல்லது குடியிருக்கக் கட்டும் மனை ஒன்று, சொந்த வாகனம் ஒன்று, அவ்வளவுதான் என்று வரையறுத்துவிடலாம். வாடகைக் கட்டடம், கடை எல்லாம் சேராது. சொத்து அவர் பெயருக்கு எப்போது வந்தது என்பது பதிவேட்டிலேயே இருக்கும், எனவே கெடு முடிந்த பிறகு மாற்றியதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சான்றிதழ் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். எந்த இடத்தில் பணி என்று அதில் எழுதச் சொல்லக் கூடாது, ராணுவம் தராது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை ஊருக்கு வர இயலாத பணியில் இருந்தார் என்று கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் போதும் என்று விதியில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் "இடம் குறிப்பிடவில்லை" என்றே திருப்பி அனுப்புவார்கள். நானே அனுப்பியிருப்பேன்.

சேலம் மாம்பழம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தம்பிக்கு மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி எடுத்துவிடலாமே? நகராட்சியில் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? வண்டிக்கு அடுத்த முறை பி.எச். (பாரத்) வரிசை நம்பர் வாங்கச் சொல்லுங்கள். படையினருக்கு 2021-லிருந்து கொடுக்கிறார்கள், மாநிலம் மாறினால் மறுபதிவுத் தொல்லை இல்லை. ஆனால் அதில் வரியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். தவறினால் ஏழு நாள் கழித்து தினம் 100 ரூபாய் ஏறும். அங்கேயும் அதே கதைதான், ஹாஹா.

பாலாற்றங்கரை:

மனை அளவு அதற்குள்தான் வருகிறது, பார்க்கிறேன். ஆனாலும் பழைய அனுமதிக்குக் கட்டிய பணம் போனது போனதுதானே.

எல்லார் கருத்தையும் வைத்து ஒரு மனு வரைந்திருக்கிறேன். திருத்துங்கள்.

"படைப்பணியில் இருப்பவர், தமது சொந்தக் குடியிருப்பு அல்லது குடியிருப்புக்கான மனை தொடர்பாக நகராட்சியில் புதுப்பிக்க வேண்டிய அனுமதிகளின் கெடு, அவர் ஊருக்கு வர இயலாத பணியில் இருந்த நாட்களைக் கழித்துக் கணக்கிடப்பட வேண்டும். ஊர் திரும்பிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உரிய கட்டணத்தைச் செலுத்தினால் தாமதக் கட்டணமோ வட்டியோ வசூலிக்கக் கூடாது. முன்பு செலுத்திய கட்டணம் அப்படியே ஏற்கப்பட வேண்டும். கமாண்டிங் ஆபீசர் சான்று போதுமானது, பணியிடம் குறிப்பிடத் தேவையில்லை. அவர் சார்பில் மனைவி, கணவர் அல்லது பெற்றோர் விண்ணப்பிக்கலாம்."

வக்கீலக்கா:

நன்றாக வந்திருக்கிறது. அடிப்படைக் கட்டணத்தை விடச் சொல்லிக் கேட்காதது ரொம்ப நல்லது, அங்கேதான் இந்த மாதிரி மனுக்கள் அடிபடும். இரண்டு திருத்தம். பைக் விஷயத்தை இதில் கலக்காமல் 211-ஆம் பிரிவைச் சுட்டிப் போக்குவரத்துத் துறைக்குத் தனி மனுவாக அனுப்புங்கள். அப்புறம், படைப்பணி என்றால் யார் என்று சொல்லியாக வேண்டும். ராணுவம், கடற்படை, விமானப்படை மட்டும் என்று எடுத்துக்கொண்டால் சத்தீஸ்கர் காட்டில் இருக்கும் சி.ஆர்.பி.எப்.காரர் விடுபடுவார். அவர்கள் உள்துறையின் கீழ் வருகிறார்கள். நான் முதலில் சொன்ன ராணுவச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது, அதனால் பெயர் சொல்லிச் சேர்க்காவிட்டால் எந்த எழுத்தரும் தாமாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

ஓய்வு ஹவில்தார்:

கட்டாயம் சேர்க்கணும். 2025 மே மாதம் துணை ராணுவத்தினரையும் லீவிலிருந்து திரும்ப அழைத்தார்களே.

ராமநாதபுரத்தான்:

அப்படியே கப்பல்காரர்களுக்கும் ஒரு வரி?

வக்கீலக்கா:

அண்ணே, உங்கள் கோரிக்கை நியாயமானது. ஆனால் ஒரே மனுவில் போட்டால் இரண்டும் சேர்ந்து விழும். கப்பல்காரருக்குப் பணிப் புத்தகம் இருக்கிறது, ஏறிய தேதியும் இறங்கிய தேதியும் அதில் பதிவாகும். அவருக்குச் சான்று சுலபம். வளைகுடாவில் இருப்பவருக்கு முதலாளி கடிதம் தருவாரா என்பதே சந்தேகம், பாஸ்போர்ட் முத்திரையை வைத்துத்தான் வாதாட வேண்டும். அதற்கு வேறு வழி யோசிக்கணும். தனி இழை ஆரம்பியுங்கள், நான் வருகிறேன்.

பழைய பில் கலெக்டர்:

மனுவை நகராட்சியில் மட்டும் கொடுத்தால் தூங்கும். கவுன்சிலர் மூலம் மன்றப் பொருளில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நகலைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடமும், இன்னொன்றை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்து உதவி இயக்குநரிடமும் கொடுங்கள். அலுவலகத்தின் பெயரில் முன்னாள் என்று இருந்தாலும் பணியில் இருப்பவர்கள் குடும்பத்தின் மனுவையும் வாங்குவார்கள். மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலாற்றங்கரை:

சரி ஐயா. மத்தியப் படையினரைச் சேர்த்துவிட்டேன், பைக்கைத் தனி மனுவாகப் பிரித்துவிட்டேன். ராமநாதபுரம் அண்ணே, உங்கள் வரியை இப்போதைக்குச் சேர்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ராமநாதபுரத்தான்:

கோபமெல்லாம் இல்லை, தம்பி. எங்கள் மனு வரும்போது முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கணும். ஹவில்தார் அண்ணனும் போடணும்.

ஓய்வு ஹவில்தார்:

படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.